கத்தரி வலது கையில, ஆடு இடது கையில

போன ஞாயித்துக்கிழமை 11 ஆடு. ஒரு சொட்டு ரத்தம் இல்ல.

இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு மூணு நாளா மனசு கிடந்து அடிச்சுக்குது. வீட்டுக்காரர் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில வேலை. ராத்திரி வந்தவர்கிட்ட சொன்னேன். "அப்பிடியா, நல்லது"ன்னுட்டு கை கழுவப் போயிட்டார். பாவம், அவரும் நாளெல்லாம் இரும்போட மல்லுக்கட்டிட்டு வர்றவர். அதனால உங்ககிட்ட வந்துட்டேன்.

11 ஆட்டுக்கு ரோமம் வெட்டினேன். காது, காம்பு, மடி, தொடை மடிப்பு, கழுத்து... எங்கயும் ஒரு கீறல் இல்ல. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூணு வருஷம் ஆயிருக்கு.

மொதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்துடறேன். "சேலம், நாமக்கல் பக்கம் ஏதும்மா கம்பளி ஆடு?"ன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. எங்க பக்கம் ஆடுன்னாலே மேச்சேரிதான் ஞாபகம் வரும். செவலை நிறம், ஒட்டின முடி, சீப்பே தேவையில்லாத உடம்பு. அதுக்குன்னே பொட்டனேரியில 1978லேர்ந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு. அதை யாரும் வெட்டறதில்ல, வெட்ட அதுல ஒண்ணும் இல்ல.

ஆனா ராசிபுரம் தாண்டி ஆத்தூர் பக்கம் வாங்க. அப்படியே பெரம்பலூர், கள்ளக்குறிச்சி வரைக்கும் போங்க. கறுப்பா, கொஞ்சம் குள்ளமா, உடம்பு பூரா சொரசொரன்னு சுருண்ட மயிரோட இன்னொரு செம்மறி மேயும். புஸ்தகத்துல அதுக்குப் பேரு திருச்சி கருப்பு. கருங்குறும்பைன்னும் சொல்றாங்க. நாங்க சொல்றது குறும்பாடு, அவ்வளவுதான். (கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் வெள்ளையா இருக்கிற குறும்பை வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.)

எங்க பட்டியில இருக்கறது இந்தக் கறுப்புதான். மாமனார் காலத்துல வந்தது. அவர் போன பிறகு எல்லாரும் "வித்துட்டு மேச்சேரி வாங்கிக்க, கிராக்கி இருக்கு"ன்னாங்க. எனக்கு மனசு வரல.

இதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை மயிர் வெட்டணும். மாசிக் கடைசியில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு. முன்னாடியெல்லாம் குறும்பர் ஆளுங்க கத்தரியோட ஊர் ஊரா வருவாங்களாம். பட்டியிலயே உக்காந்து வெட்டி, மயிரை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போவாங்க. வில்லுல அடிச்சு, நூல் நூத்து, குழித்தறியில நெய்ஞ்சு, புளியங்கொட்டைக் கஞ்சி பூசி கம்பளி ஆக்குவாங்க. அந்தக் கம்பளியை மடிச்சுக் கொங்காடையாத் தலையில போட்டுக்கிட்டு எங்க மாமனார் அடைமழையில ஆடு மேய்ச்சதை நானே பாத்திருக்கேன். தண்ணி மேலயே உருண்டு ஓடிடும், உள்ள இறங்காது. உடம்பெல்லாம் குத்தும், அது வேற விஷயம்.

இப்ப அவங்க வர்றதில்ல. கடைசியா எங்க பட்டிக்கு வந்துட்டிருந்த பெரியவருக்கு வயசாச்சு. பையனுங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. மயிர் வித்த காசு வெட்டுக் கூலிக்கே பத்தாதப்ப யார் வருவாங்க, தப்புச் சொல்ல முடியாது.

சரி, வெட்டாமலே விட்டுட்டா என்ன?

ஒரு வருஷம் விட்டுப் பாத்தோம். பங்குனி வெயில்ல மத்தியானம் ஆடுங்க வேப்பமரத்தடியில வாயைப் பொளந்துட்டு நின்னுச்சு. மயிருக்குள்ள உண்ணி. நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் சிக்கிக் கட்டி கட்டியா இருக்கும். வாலுக்குக் கீழ சாணி ஒட்டிக் காய்ஞ்சு, அதுல ஈ மொய்க்கும். பிறந்த குட்டி மடியைத் தேடி மயிர்க்கொத்தைச் சப்பிட்டு நிக்கும். அதைப் பாத்த அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், ஆள் வரலைன்னா நானே கத்துக்கறேன்னு.

வெட்டாம விட்டா எங்க போய் நிக்கும்னு இன்னொண்ணும் சொல்றேன். 2015ல ஆஸ்திரேலியாவுல கான்பெரா பக்கம் காட்டுல தனியா சுத்திட்டிருந்த ஒரு மெரினோ ஆட்டைப் புடிச்சாங்க. கிறிஸ்னு பேரு வெச்சாங்க. பல வருஷமா யாரும் வெட்டாததால நடக்கவே சிரமப்பட்டுச்சு. அது மேல இருந்து எடுத்த ரோமம் 41 கிலோவுக்கும் மேல! நம்ம குறும்பாட்டு எடையை விட அதிகம். காட்டு ஆட்டுக்கு மயிர் தானா உதிரும். ரோமம் வேணும்னு மனுஷன்தான் பல ஆயிரம் வருஷமா பொறுக்கிப் பொறுக்கி இனம் சேத்து உதிராத ஆட்டை உண்டாக்கினான். அப்ப அதை ஒழுங்கா எடுத்துவிடறதும் நம்ம பொறுப்புதானே? இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

இனி அந்த முதல் நாளைச் சொல்லணும்.

சொல்லக் கஷ்டமா இருக்கு. ஆனா சொன்னாத்தான் இன்னொருத்தர் அதைச் செய்யாம இருப்பாங்க.

எங்கிட்ட ஒரு பெட்டை ஆடு இருக்கு, சுட்டி. நெத்தியில பொட்டு மாதிரி வெள்ளை (எங்கயோ கலப்பு). சாதுவான ஆடு, அதனால அதைத்தான் மொதல்ல புடிச்சேன். நாலு காலையும் கட்டிப் படுக்க வெச்சேன். பெரியவங்க அப்படித்தான் செய்வாங்கன்னு பாத்திருக்கேன். இடது கையால மயிரைக் கொத்தாப் புடிச்சுத் தூக்கி, வலது கையில கத்தரியை வெச்சு நறுக் நறுக்னு வெட்டினேன். பசங்களுக்கு வீட்டுல தலைமுடி வெட்டிவிடறது அப்படித்தானே?

அங்கதான் தப்பு.

மனுஷத் தலையில தோல் மண்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. முடியைத் தூக்கினா முடி மட்டும்தான் வரும். ஆட்டுக்கு அப்படி இல்ல. தோல் உடம்பு மேல தளர்ச்சியா, சறுக்கிட்டு இருக்கு. மயிரைத் தூக்கினா தோலும் கூடவே கூடாரம் மாதிரி எந்திரிச்சு வந்துடும். வந்து கத்தரியோட ரெண்டு அலகுக்கும் நடுவுல நிக்கும். மேல இருந்து பாக்கற நமக்குக் கறுப்பு மயிர் மட்டும்தான் தெரியும்.

பின்னந்தொடையும் வயிறும் சேர்ற இடத்துல ஒரு மடிப்பு இருக்கும். தோல் மெல்லிசா, ரெண்டு அடுக்கா, வௌவால் இறக்கை மாதிரி. அங்க விழுந்துச்சு கத்தரி. ரெண்டு விரல் அகலத்துக்குத் தோல் பிளந்துக்கிச்சு.

சுட்டி கத்தல. மூச்சு மட்டும் திடீர்னு வேகமாச்சு. மூக்கு ஓட்டை பெருசாகிச் சுருங்கிச்சு. நான் ரத்தத்தைப் பாத்த பிறகுதான் அந்த மூச்சையே கவனிச்சேன்.

"ஆட்டுக்கு என்னங்க வலிக்கவா போகுது, கத்தவே இல்லியே"ன்னு யாராச்சும் சொன்னா எனக்கு இப்பவும் கோபம் வரும். செம்மறி வலியை வெளிய காட்டாது. கூட்டத்துல நொண்டற ஆட்டைத்தான் ஓநாய் குறி வைக்கும். காட்டாம இருக்கறதுதான் அதோட பாதுகாப்பு. கத்தலைன்னா வலிக்கலைன்னு அர்த்தமில்ல. மூச்சைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, காது எப்படி மடங்கியிருக்குன்னு பாருங்க.

மஞ்சளை வேப்பெண்ணெயில குழைச்சுப் பூசினேன். அது போதும்னு நினைச்சுட்டேன். நாலாம் நாள் பாத்தா காயத்துக்குள்ள புழு. நம்ம ஊர்ல ஒரு ஈ இருக்கு, செத்த சதையில முட்டை வெக்கிற ஈ இல்ல, உயிரோட இருக்கிற ஆட்டோட புதுக்காயத்துல வெக்கிறது. அதோட புழு திருகாணி மாதிரி சதைக்குள்ள இறங்கிட்டே போகும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் ஒவ்வொரு புழுவா எடுத்து, மருந்து வெச்சு, ரணஜன்னிக்கு ஊசியும் போட்டு அனுப்பினார். 20 நாளாச்சு ஆற.

அந்த 20 நாளும் தெனம் காலையில அதோட பின்னங்காலைத் தூக்கிப் பாப்பேன். அது ஒண்ணும் செய்யாம நின்னு குடுக்கும். அதுதான் எனக்கு இன்னும் தாங்கல.

அதுக்கப்புறம்தான் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். எங்க பட்டிக்குக் கடைசியா வந்துட்டிருந்தவர். நாங்க அப்பாருன்னு கூப்பிடுவோம். கண்ணு கொஞ்சம் மங்கிருச்சு, கை நடுங்காது.

"ஏனம்மிணி, மயிரைப் புடிச்சுத் தூக்குனியா?"

எனக்கு ஆச்சரியம். நான் சொல்லவே இல்ல.

"எப்பிடீங் அப்பாரு கண்டுபுடிச்சீங்க?"

"அந்த மடிப்புல வெட்டுப்பட வேற வழியே இல்ல அம்மிணி. எல்லாரும் அங்கதான் வெட்டுவாங்க. கத்தரி எங்க போகுதுன்னு பாத்துட்டே இருப்பாங்க. இடக்கை என்ன பண்ணுதுன்னு பாக்க மாட்டாங்க."

அன்னிக்கு அவர் என்னைக் கத்தரியைத் தொட விடல. ஆட்டைப் புடிச்சு நிறுத்தி, கண்ணை மூடிட்டு உடம்பு பூரா உள்ளங்கையால தடவச் சொன்னார். "எங்க எலும்பு மேடு, எங்க பள்ளம், எங்க தோல் இறுக்கம், எங்க தொளதொளன்னு வருது, கைக்குத் தெரியோணும். கறுப்பு ஆட்டுல கண்ணை நம்பாத"ன்னார். வெள்ளை ஆட்டுல மயிருக்கு அடியில தோல் ரோஸா தெரியும். நம்ம ஆட்டுல மயிரும் கறுப்பு, தோலும் கறுப்பு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு தடவிப் பாத்தப்பதான் புரிஞ்சுது.

அடுத்த வாரம் கத்தரி குடுத்தார். ஒரே ஒரு கட்டளை. இடது கை மயிரைப் புடிக்கவே கூடாது. இடது கை தோலை இழுக்கணும், கத்தரி போற திசைக்கு எதிர்த் திசையில. தோல் முரசுத் தோல் மாதிரி இறுகி நின்னா கத்தரி அது மேல படிஞ்சு வழுக்கிட்டுப் போகும். சுருக்கம் இருந்தாத்தான் கத்தரிக்கு வெட்ட வேலை கிடைக்கும்.

படிக்கறப்ப சுலபமா இருக்கா? நம்ம மூளை கத்தரி புடிச்ச கையையே கவனிக்கும். இடது கை சும்மா கிடக்கும். அதை உசுப்பி உசுப்பிப் பழக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அந்தத் தொடை மடிப்புக்கு அப்பாரு ஒரு வழி காட்டினார். மடிப்புக்குக் கொஞ்சம் மேல, பின்னங்கால் முட்டிக்கு முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு. அங்க இடது கையை முட்டியா மடக்கி மெதுவா அழுத்தினா பின்னங்கால் தானா நீண்டுக்கும். கால் நீண்டா அந்த மடிப்பும் விரிஞ்சு தட்டையாயிடும், வௌவால் இறக்கையை விரிச்ச மாதிரி. அப்ப அது மேல கத்தரி போகலாம். இதை மொதல்ல தெரிஞ்சிருந்தா சுட்டிக்கு அந்தக் காயமே வந்திருக்காது.

(காலைப் புடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா ஆடு திருப்பி இழுக்கும். அழுத்தினா தானா நீட்டும். ஏன்னு கேட்டா, அப்பாரு "அது அப்பிடித்தான்"ன்னார். செஞ்சு பாத்தேன், அப்படித்தான்.)

இதுல ஒரு சந்தோஷம் என்னன்னா, பின்னாடி ஒருநாள் நியூசிலாந்துல பெரிய பேரு வாங்கின காட்ஃப்ரி போவன் பத்திப் படிச்சேன். 1953ல 9 மணி நேரத்துல 456 ஆட்டுக்கு மெஷின்ல வெட்டினவர். அவரும் அவர் அண்ணன் ஐவனும் ஒரு முறையையே உண்டாக்கி உலகம் பூரா சொல்லிக் குடுத்தாங்க. அந்த முறையில பெரிய பங்கு எதுக்குன்னு நினைக்கறீங்க? மெஷின் புடிக்காத கைக்கு! தோலை இழுத்துக் குடுக்கற அந்த இடது கைக்கு. எங்க அப்பாரு சேலம் ஜில்லாவைத் தாண்டினதில்ல. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. ஆட்டுத் தோல் எங்கயும் ஒண்ணுதானே.

ஒரு விஷயத்துல மட்டும் அப்பாரு முறையை விட்டுட்டேன். காலைக் கட்டறது.

அவர் கட்டறது கயிறுல இல்ல, பழைய வேட்டித் துணியில. இறுக்கவும் மாட்டார். ஆனா கட்டுன ஆடு படபடன்னு உதறும், அந்த உதறல்லதான் கத்தரி எகிறும். ஒரு தடவை கொடைக்கானல் மேல மன்னவனூர் போயிருந்தேன். மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி மையம் அங்க 1965லேர்ந்து இருக்கு. பாரத் மெரினோ ஆடு வெச்சிருக்காங்க, மெரினோ, ராம்புலே கிடாவையெல்லாம் ராஜஸ்தான் ஆட்டோட சேத்து உண்டாக்கினது. மலைக்குளிர்ல மேகத்துண்டு மாதிரி மேயும். அந்த ஆட்டு மயிரைத் தொட்டுப் பாத்துட்டு எங்க ஆட்டு மயிரைத் தொட்டா தேங்கா நாரைத் தொட்ட மாதிரி இருக்கும். அதைப் பாத்துட்டு வந்த பிறகுதான், இப்படிப்பட்ட ஆட்டையெல்லாம் எப்படி வெட்டறாங்கன்னு தேடினப்ப, காலைக் கட்டாம ஆட்டை உக்கார வெச்சு வெட்டற முறையைப் படிச்சேன்.

ஆமா, உக்கார வெக்கறது. மனுஷன் உக்கார்ற மாதிரி, பின்பக்கத்துல. முதுகு நம்ம முழங்காலுக்கு நடுவுல சாஞ்சிருக்கும். நாலு காலும் அந்தரத்துல.

எப்படின்னா, இடது கையால தாடையைப் புடிச்சு தலையை அதோட விலாப் பக்கமா மெதுவாத் திருப்பணும். வலது கை பின்பக்க இடுப்புல. அப்படியே நாம ஒரு எட்டு பின்னாடி வெச்சா, ஆடு தானா மடங்கி உக்காந்துடும். தூக்கவே வேண்டியதில்ல. நம்ம பெட்டைங்க 20 கிலோ சில்லறைதான் இருக்கும், பொம்பளை ஆளே தாராளமாச் செய்யலாம். மயிரைப் புடிச்சு மட்டும் தூக்கிடாதீங்க. தோலுக்கு அடியில ரத்தம் கட்டிக்கும், வெளிய தெரியாது.

செம்மறிக்குக் குளம்பு தரையில ஊனினாத்தான் தெம்பு. குளம்பு ஊன இடம் இல்லாம, முதுகும் நல்லாச் சாஞ்சிருந்தா அடங்கிடும். சரியாச் சாயலைன்னா உதறும். உதறினா அது நம்ம கால் சரியா நிக்கலைங்கறதுக்கு அடையாளம், ஆட்டு மேல கோபப்படறதுல அர்த்தமில்ல. நான் முழங்காலை அரை அடி நகத்தினா அடங்கிடுது. ஒவ்வொரு தடவையும் பாக்கறேன், ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கு.

அப்பாரு மொதல்ல இதைப் பாத்துட்டு, "இதென்ன அம்மிணி, ஆட்டைத் திண்ணையில உக்கார வெச்ச மாதிரி"ன்னார். சுட்டி காதைத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருந்ததைக் கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் பக்கத்துல வந்து குத்துக்கால் போட்டு உக்காந்து, "எனக்கு ஒண்ணைப் புடிச்சுக் குடு"ன்னார்.

இதுல நான் இன்னொரு தப்பும் பண்ணேன். காலையில மேய்ச்சலுக்கு விட்டுட்டு வந்து, வயிறு நிறைஞ்ச ஆட்டை உக்கார வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்குச்சு, வாயில நுரை. பயந்து விட்டுட்டேன். வயித்துல இருக்கிற பசும்புல்லும் தண்ணியும் சாஞ்சு நெஞ்சை அமுக்கும், மூச்சு முட்டும். இப்பெல்லாம் முந்தின நாள் சாயங்காலத்தோட தீனி நிறுத்திடறேன், காலையில வெறும் வயித்துல வெட்டி முடிச்சு உடனே மேய்ச்சலுக்கு. வெறும் வயிறா இருந்தா புழுக்கை போட்டு மயிரும் கெடாது. சினையா இருக்கிற ஆட்டை, அதுவும் மாசம் முத்தினதை, நான் உக்கார வெக்கறதே இல்ல. குட்டி போட்டு தேறட்டும், மயிர் எங்க ஓடப் போகுது.

எந்த இடத்துல பயம் வேணும்னு கேட்டா, எனக்கு முதல் பயம் காம்பு. அதுவும் இன்னும் குட்டி போடாத மறியோட காம்பு. மயிருக்குள்ள ஒரு சின்ன பருக்கை மாதிரிதான் இருக்கும். ஒண்ணு போச்சுன்னா அந்த ஆடு ஆயுசுக்கும் ஒரு பக்கப் பாலோட நிக்கும். அதனால அடிவயிறு வெட்டறப்ப இடது உள்ளங்கையால ரெண்டு காம்பையும் மூடிக்கறேன். வெட்டினா என் கையை வெட்டட்டும். கிடாவா இருந்தா அதே மாதிரி குறியையும் விதைப்பையையும் மூடணும். பின்னங்கால் மூட்டுக்குப் பின்னாடி கயிறு மாதிரி ஒரு நரம்பு வரும், அது அறுந்தா ஆடு அந்தக் காலை ஊனவே முடியாது. கழுத்துல தாடையை மேல தூக்கி, தோலை இழுத்துட்டுத்தான் கத்தரி வெக்கணும், அடியில பெரிய ரத்தக்குழாய் ஓடுது.

கத்தரி பத்தி ஒரு வார்த்தை. "புதுசாக் கத்துக்கறவ, மழுங்கின கத்தரியா வெச்சுக்க, வெட்டுப்படாது"ன்னு எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் அக்கறையாச் சொன்னாங்க. நேர் எதிர். மழுங்கின கத்தரி மயிரை வெட்டாது, ரெண்டு அலகுக்கு நடுவுல மடக்கி இழுக்கும். இழுத்தா மறுபடியும் அந்தக் கூடாரம்தான். 11 ஆடு வெட்ட நான் நாலு தடவை கல்லுல தீட்டினேன். ஒரு ஆடு முடிஞ்சா கத்தரியை டெட்டால் தண்ணியில முக்கித் துடைக்கறேன். கழுத்துல கட்டி இருக்கிற ஆடு இருந்தா அதைக் கடைசியாத்தான் வெட்டறேன். அந்தக் கட்டி உடைஞ்சு சீழ் கத்தரியில பட்டா, அடுத்த ஆட்டோட சின்னக் கீறல் வழியா அதுக்கும் போயிடும்.

மெஷினும் வாங்கிப் பாத்தேன். நல்ல பொருள்தான், எங்க ஆட்டுக்கு ஒத்து வரல. செம்மண்ணுல புரண்டு, முள்ளுக்காட்டுல மேயற ஆடு. மயிருக்குள்ள மணல். ரெண்டு ஆட்டுலயே பிளேடு மழுங்கி, சூடு ஏறிடுச்சு. அந்தச் சூடு மயிருக்கு மேல நமக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். அடிக்கடி என் முழங்கைக்கு உள்பக்கம் வெச்சுப் பாப்பேன். எனக்குச் சுட்டா அதுக்கும் சுடும்தானே. ஆட்டைக் கழுவிட்டு நல்லாக் காயவிட்டு வெட்டினா மெஷின் ஓடுது. ஆனா எங்க ஊர்ல மாசியில ஆடு கழுவத் தண்ணிக்கு எங்க போக? கத்தரிக்கே திரும்பிட்டேன்.

வேகம் பத்தியும் கேப்பீங்க. ஆஸ்திரேலியாவுல ஜாக்கி ஹோவ்னு ஒருத்தர், 1892 அக்டோபர்ல, வெறும் கைக்கத்தரியில 7 மணி 40 நிமிஷத்துல 321 ஆடு வெட்டினார். ஒரு ஆட்டுக்கு ஒன்றரை நிமிஷம் கூட இல்ல! எனக்கு ஒரு ஆட்டுக்கு 25 நிமிஷம் ஆகுது. ஆகட்டும். வேகம் வரணும்னா வீண் வெட்டு குறையறப்ப தானா வரும். போன வருஷம் 40 நிமிஷம் ஆச்சு, நான் எதையும் அவசரப்படுத்தல. ஒரே இடத்துல ரெண்டு தடவை கத்தரி போகாம இருந்தாலே போதும். ரெண்டாவது தடவை விழறது துண்டு மயிர், அதை நூக்கவும் முடியாது.

இந்தத் தடவை அரை விரக்கடை மயிர் விட்டு வெட்டினேன். அதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஆவணியில ஒட்ட வெட்டிட்டேன், பாக்க அழகா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே கொல்லிமலைப் பக்கம் இடி இடிச்சு, நல்ல மழை. பட்டிக்குக் கூரை கிடையாது. ஆடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குச்சு. எல்லாத்தையும் வீட்டுத் தாழ்வாரத்துல ஏத்தி, சாக்கு போட்டு, விடிய விடிய உக்காந்திருந்தோம். வீட்டுக்காரர் அடுப்புல கரி போட்டு கொண்டாந்து வெச்சார். ஒண்ணும் சாகல. ஆனா அதுக்கப்புறம் வானத்தைப் பாக்காம கத்தரி எடுக்கறதில்ல. ஒட்ட வெட்டினா வெயிலும் தோலைப் பொசுக்கும்.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சோம். தரையில பழைய தார்ப்பாயை விரிச்சு, அப்பாரு நாற்காலி போட்டு உக்காந்துட்டார். பத்து ஆடு முடியறப்ப வெயில் ஏறிடுச்சு. வெட்டின ஆட்டையெல்லாம் குட்டிங்களோட விட்டா ஒரே கூச்சல். குட்டிங்களுக்கு அம்மாவைத் தெரியல! ஓடி வரும், பாக்கும், இது யாரோன்னு திரும்பி ஓடும். தாய் நின்ன இடத்துல நின்னு கூப்பிட்டுட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல குட்டி தயங்கித் தயங்கி வந்து, வாலடியில மோந்து பாத்து, "அட, நீயா"ங்கற மாதிரி மடியில முட்டும். இப்ப அங்க மயிர்க்கொத்து இல்ல. நேரா காம்புதான்.

பதினொண்ணாவது சுட்டி. அதை வேணும்னே கடைசிக்கு வெச்சிருந்தேன்.

தாடையைத் திருப்பினேன், உக்காந்துச்சு. வயிறு, முன்னங்கால், கழுத்து, முதுகு... எல்லாம் முடிஞ்சு அந்தப் பின்னந்தொடைக்கு வந்தேன். பழைய காயம் பட்ட இடத்துல மயிர் சரியா முளைக்கல. ரெண்டு விரல் அகலத்துக்கு வழவழன்னு ஒரு கோடு. என் கை நின்னுடுச்சு.

அப்பாரு நாற்காலியில இருந்தே, "இடக்கை அம்மிணி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

பள்ளத்துல இடக்கை முட்டியை வெச்சு அழுத்தினேன். சுட்டி காலை நீட்டிச்சு. மடிப்பு விரிஞ்சுது. அந்தக் கோடு மேல என் பெருவிரலை வெச்சு மூடிக்கிட்டு, அதைச் சுத்தி வெட்டினேன். மூச்சைப் பாத்துட்டே வெட்டினேன். மாறவே இல்ல.

இறக்கி விட்டதும் உடம்பை ஒரு உதறு உதறிட்டு, நேரா தீவனத்தொட்டிக்குப் போயிடுச்சு.